வண்ணம் தரும் வலிமை

உதகையை உருவாக்கிய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன், 1820களில் ஐரோப்பியக் காய்கறிகளை நீலகிரியில் பயிரிடச் செய்தார். இன்று கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட்டும் பீட்ரூட்டும் மேட்டுப்பாளையம் சந்தை வழியே சமவெளியெங்கும் செல்கின்றன.

கண்ணைக் கவரும் இந்நிறங்களே உடலைக் காக்கும் சத்துகளின் அடையாளம். கேரட்டின் செம்மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பீட்டா கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறிப் பார்வையைக் காக்கிறது. அது கொழுப்பில் கரைவதால், தேங்காய்த் துருவலிட்டுத் தாளித்த பொரியல் மிகுபயன் தரும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். இந்நிலையில், இரும்புச்சத்துள்ள பீட்ரூட் இலையை எறிதல் தகுமோ? அதனைப் பருப்போடு கடைந்து, எலுமிச்சைச் சாறு சேர்த்து உண்டால், இரும்புச்சத்து உடலில் எளிதில் சேரும்.

மலையில் விளையும் வண்ணங்கள் முதலில் மலைமக்களின் தட்டை நிறைக்கட்டும்.