நெட்டியில் ஒரு டாங்கியின் உட்புறம்

தஞ்சைப் பெரிய கோயிலை நெட்டியில் செதுக்கிக் கண்ணாடிப் பேழையில் வைப்பதை நாம் அறிவோம். 1965-இல் ஆவடியிலிருந்து வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கியின் உள்ளறையையும் அதே நெட்டியில் அமைக்கலாம். மங்கிய ஒளியிலும் பொருள்கள் தெரியவேண்டி டாங்கிகளின் உட்புறத்துக்குப் பெரும்பாலும் வெள்ளை பூசுவர். நெட்டிக்கோ அது இயற்கை நிறம்!

பதினாறில் ஒரு பங்கு அளவு ஏற்றது. 3.17 மீட்டர் அகலம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆகும். 105 மில்லிமீட்டர் பீரங்கியின் துளை ஆறரை மில்லிமீட்டர். முன்பக்கம் வலப்புறம் ஓட்டுநர் இருக்கை, அதற்கு இடப்புறம் குண்டு அடுக்கு, பின்கோடியில் எஞ்சின். சுழல்கோபுரத்தில் தலைவரும் சுடுபவரும் வலப்புறம். குண்டு நிரப்புபவர் இடப்புறம். நெம்புகோல்களுக்கு மட்டும் நெட்டி உதவாது, ஒடிந்துவிடும். செம்புக் கம்பியே நல்லது.

கவனம் வேண்டிய இடம் பீரங்கியின் பின்முனை. வெறுமையாக இருக்கிறதே என்று அங்கே பெட்டியும் நீர்க்குடுவையும் ஒட்டத் தோன்றும். ஒட்டலாகாது. சுடும்போது பீரங்கி பின்னோக்கி உதைத்து வரும். வெற்றுத் தோட்டாவும் அவ்வழியேதான் வெளிப்படும். அந்த வெற்றிடத்தை நம்பித்தான் மூவர் உள்ளே இருக்கிறார்கள். மேல்தகட்டை மூடுமுன் பீரங்கியை ஒருமுறை பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள்; எதிலும் இடிக்கக்கூடாது. சுழல்கோபுரத்தை ஒட்டாமல், தூக்கி எடுக்கும்படி வையுங்கள்.