ஒருங்கே கற்கும் அயல்மொழிகள்

சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மூன்று மொழிகளும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வியல் துறையில் கற்பிக்கப்படுகின்றன. இவற்றுள் இரண்டை ஒருங்கே கற்க இயலுமா?

நூலகத்தைச் சீனர் 'தூஷூகுவான்' என்பர். ஜப்பானியர் 'தோஷோகான்' என்பர். கொரியர் 'தோசோக்வான்' என்பர். மூன்றும் ஒரே சீன எழுத்துகளின் வெவ்வேறு ஒலிப்புகளே. ஆகவே, ஒரு மொழியில் கற்ற சொல் மற்றொன்றிலும் துணைநிற்கும்.

எனினும், ஒற்றுமையே மயக்கமும் தரும். 'கை', 'தாள்' எனும் பொருளுடைய இரண்டு எழுத்துகள் இணைந்தால் ஜப்பானியத்தில் 'கடிதம்' என்று பொருள். சீனத்திலோ 'கழிவறைத் தாள்' என்று பொருள்! ஆதலால், ஒன்றில் அடிப்படை உறுதியான பின்னரே மற்றொன்றைத் தொடங்குதல் நலம்.

ஜப்பானியத்திலும் கொரியத்திலும் தமிழைப் போலவே வினைமுற்று தொடரின் இறுதியில் அமையும். சீனத்தில் அது செயப்படுபொருளுக்கு முன்னர் வரும். நீங்கள் இல்லத்தில் பேசும் தமிழின் தொடரமைப்பு, தொலைவிலுள்ள அம்மொழிகளைக் கற்கும்போதும் கைகொடுக்கும். எனவே, தமிழை மறவாது பயில்க.

பயிற்சி
1. வினைமுற்று இறுதியில் அமையும் கிழக்காசிய மொழிகள் யாவை?
2. ஒத்த எழுத்துகள் மயக்கம் தருவதற்கு ஒரு சான்று தருக.
3. 'நான் நீர் அருந்தினேன்' – இத்தொடரின் சொற்களைச் சீன மொழியின் வரிசையில் அமைத்து எழுதுக.