நீல நட்சத்திர மீன் வாங்கும் முன்

கடல்நீர்த் தொட்டி வைக்கத் தொடங்கியிருக்கும் இளம் நண்பருக்கு,

பவளங்கள் வேர்கொண்டதும் அடுத்து ஒரு நீல நட்சத்திர மீன் வேண்டும் என்று மனம் கேட்கும். லிங்கியா லேவிகாட்டா என்ற அந்த இனத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தொட்டியில் நட்சத்திர மீன் பெரும்பாலும் நோயால் சாவதில்லை, பட்டினியால் சாகிறது. பாறைமேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தையும் மக்கும் துகள்களையும், வயிற்றை வாய்வழியே வெளியே விரித்து அது மேய்கிறது. கடலில் ஒரு பாறையை மேய்ந்து முடித்தால் அடுத்ததற்கு நகரலாம். வீட்டுத் தொட்டியில் அதே சில பாறைகளைத்தான் சுற்றிவர வேண்டும், மேய்ந்த இடத்தில் படலம் மறுபடி வளரும் வரை அது காத்திருக்கவும் முடியாது. ஸ்கிம்மரும் ஃபில்டரும் வைத்து நாம் பெருமையோடு காக்கும் தெளிந்த தண்ணீர் இதன் வயிற்றுக்கு எதுவும் தருவதில்லை.

‘பல மாதமாக நன்றாகத்தானே இருக்கிறது’ என்பார்கள். இந்தச் சான்றை நம்ப முடியாது. அதன் சேமிப்பெல்லாம் கைகளுக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பிகளில் இருக்கிறது. இரை போதாதபோது அது தன் உடலையே கரைத்துத் தின்கிறது. தோலுக்கடியில் உள்ள சுண்ணாம்புத் தகடுகள் வடிவத்தைத் தாங்கி நிற்பதால் மெலிவு கண்ணுக்குப் படுவதில்லை. கடைசியில் கை நுனி கரைந்து உதிரும்போது, திடீரென்று ஏதோ நோய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் வாரத்திலேயே நேரும் சாவுக்குக் காரணம் வேறு. நட்சத்திர மீனுக்குச் சிறுநீரகம் போன்ற உறுப்பு கிடையாது. குழாய்க்கால்களை இயக்குவதும் உள்ளே ஓடும் கடல்நீர்தான். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்குப் பழகிய உடல், உப்பளவு சட்டென்று மாறினால் ஈடுகட்டத் தெரியாமல் தவிக்கும். அதனால்தான் கடைப் பையின் நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக, பல மணி நேரம் கலக்கச் சொல்கிறார்கள். அதைச் செவ்வனே செய்தாலும் முதல் வாரத்தைத்தான் கடக்கலாம், பசிக்கு அது மருந்தாகாது.

கையால் ஊட்டினால் என்ன என்று கேட்கலாம். உடலெங்கும் கரும்பழுப்புக் கொம்புகள் கொண்ட சாக்லேட் சிப் நட்சத்திர மீன் இறால் துண்டை விரும்பி உண்ணும். ஆனால் பவளத்தையும் உண்ணும் என்பதால் அதற்குத் தனித் தொட்டி வேண்டும். மணலைச் சலிக்கும் ஆஸ்ட்ரோபெக்டன் என்ற நட்சத்திர மீன், மணலில் வாழும் புழுக்களையும் சிறு நத்தைகளையும் தின்று தீர்த்தபின் தானும் பட்டினி கிடக்கும். லிங்கியாவோ பெரும்பாலும் நீங்கள் வைக்கும் துண்டைத் தொடுவதே இல்லை. நான் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார் என்பது இன்னொரு வாதம். விற்பனைக்கு வரும் லிங்கியாக்கள் பண்ணையில் வளர்ந்தவை அல்ல, கடலிலிருந்து எடுக்கப்படுபவை. நீங்கள் வாங்கியதன் இடத்தை நிரப்ப இன்னொன்று கடலை விட்டு வரும்.

ஆசை விடவில்லையென்றால், பாறை நிறைந்த பெரிய தொட்டி ஓராண்டுக்குமேல் நிலைபெறும் வரை பொறுங்கள். பாறையோடு தானாகவே வந்துசேரும் நகக்கண் அளவு ஆஸ்டெரினா நட்சத்திர மீன்களை அதுவரை கவனியுங்கள். அவையும் பாறைப் படலத்தைத்தான் மேய்கின்றன, உடலைப் பிளந்து பெருகுகின்றன. அந்தச் சிறியவற்றுக்கே இரை போதாமல் எண்ணிக்கை குறைகிற தொட்டியில், பல மடங்கு பெரிதாக வளரும் லிங்கியாவை விடவே கூடாது.

அன்புடன்,
ஒரு மூத்த வளர்ப்பாளர்