எரிபொருள் குறையும் காலமும் நம் கடைக் கணக்கும்

பெட்ரோலியம் என்றைக்குத் தீரும் என்று கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரேயடியாகத் தீர்ந்துவிடாது. அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சம் தொட்டுக் குறையும் என்று அந்நாட்டு அறிஞர் ஹப்பர்ட் 1956-இல் கணக்கிட்டார். அப்படியே நடந்தது. பிறகு பாறையைப் பிளந்து எடுக்கும் முறை வந்து, 2018-இல் அந்த உச்சத்தையும் தாண்டினார்கள். ஆனால் சுலபமாகக் கிடைத்தது முதலில் போய்விட்டது; மிச்சத்தை எடுக்கச் செலவு அதிகம். நம் நாடோ கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியில் வாங்குகிறது. எரிக்கும் புகையால் பூமி சூடேறுவது வேறு. ஆகவே எண்ணெய் இருந்தாலும் இப்போதுபோல் எரிக்க முடியாத காலம் வரத்தான் போகிறது.

அந்தக் காலத்தில் வியாபாரம் எப்படி நடக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். மீமிசலுக்குக் கிழக்கே, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம் இருக்கிறது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் அங்கே மின்சாரம் நின்றது. எரிபொருள், பாட்டரி, சோப்பு முதலியவற்றுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் விலை எங்கோ போயிற்று. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் மெல்லிய திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். மோட்டார் சைக்கிளைச் சில சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். சரக்கு மூட்டையும் சைக்கிளில்தான் வந்தது. அது போர் தந்த துன்பம், புகழ்ந்து பேசுவதற்கில்லை. ஆனால் வியாபாரி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சைக்கிளில் ஏற்ற முடிந்த சரக்கும், குளிர்பெட்டி கேட்காத சரக்கும் அங்காடிக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

2022-இல் அதே நாட்டில், இம்முறை டாலர் இல்லாமல், எண்ணெய் நின்றது. ஆகஸ்டில் கியூ.ஆர். அட்டை முறை நாடெங்கும் வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. வாரம் 5 லிட்டரில் ஆட்டோக்காரர் எத்தனை சவாரி போவார், உங்கள் கடைக்கு எத்தனை தடவை சரக்கு இறக்குவார் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே மீன் வியாபாரம் ஐஸை நம்பி நிற்கிறது. ஐஸ் மின்சாரத்தை நம்பி நிற்கிறது. படகும் லாரியும் டீசலை. டீசல் ஏறினால் ஒரே மீனின்மேல் இரண்டு மூன்று இடத்தில் விலை ஏறுகிறது. கருவாட்டுக்கு வேண்டியது உப்பும் வெயிலும்தான். (பருவம் தப்பிப் பெய்யும் மழை அதையும் கெடுக்கும் என்பது தனிக் கதை.) 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்து, டெல்டாவிலும் நம் மாவட்டத்திலும் லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருந்தவர் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினார். அரிசி, பருப்பு விற்றவர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தராசு பிடித்தார்.

ஆகவே ஒவ்வொரு சரக்குக்கும் வாங்கிய விலையோடு, அது கடையில் தின்னும் கரண்டையும் வந்து சேர்ந்த லாரி வாடகையையும் தனிப் பத்தியில் எழுத வேண்டும். பழைய சோக் வைத்த குழல் விளக்கு 10 இருந்தால், ஒன்றுக்கு 50 வாட் வீதம் தினம் 6 மணி நேரத்துக்கு 3 யூனிட். 20 வாட் எல்.இ.டி. போட்டால் 1.2 யூனிட். மாதம் 54 யூனிட் மிச்சம். விளக்கில் மிச்சம் பிடிப்பது சுலபம். பெரிய செலவு குளிர்பெட்டியிலும் அரை லோடு லாரியிலும் இருக்கிறது. அறந்தாங்கி வழியாக அரை லோடு ஏற்றிவரும் இரண்டு கடைக்காரர்கள் ஒரே நாளில் கொள்முதல் வைத்துக்கொண்டால் ஒரு வண்டி போதும். போட்டிக் கடைக்காரரோடு எப்படிச் சேருவது என்ற கூச்சம் இருக்கும். வாடகையைப் பாதியாகப் பகிரலாம், அவரவர் விலையை அவரவர் வைத்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது 12 மாத மின்கட்டண ரசீதையும் லாரிச் சிட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.