அடுக்களைக் கணக்கும் ஆலயச் சுவரும்

அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்காகத் திரை போட்டிருப்பார்கள். கால் மணி நேரமோ, அரை மணி நேரமோ காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? பிராகாரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றுவோம். தெரிந்தவர்கள் வந்திருந்தால் பெண்ணின் கல்யாணம், பேரனின் பள்ளிக்கூடம் என்று பேசிக்கொண்டிருப்போம். இனி அந்த அரை மணி நேரத்தில் கருவறையின் வெளிச்சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்களேன், வாசகியரே! அங்கேயும் அதே பேச்சுதான் நடந்துகொண்டிருக்கிறது... ஆயிரம் வருடங்களாக!

கல்வெட்டு என்றதும் போர், வெற்றி, ராஜா, பட்டாபிஷேகம் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். அதெல்லாம் முதல் சில வரிகளோடு சரி. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று மங்கலமாகத் தொடங்கும். அடுத்து மன்னனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி. அதற்கடுத்து 'யாண்டு' என்ற சொல் வரும். அந்த மன்னன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருடம் என்பதை அது சொல்லும். இவற்றைத் தாண்டிவிட்டால் வருவதெல்லாம் குடும்பக் கதைதான். யார் கொடுத்தார், யாருக்காகக் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், அதை யார் பார்த்துக்கொள்வது... நம் வீட்டு மளிகை நோட்டைப் போலவே பைசா சுத்தமான கணக்கு!

முதலில் விளக்கை எடுத்துக்கொள்வோம். சந்நிதியில் இரவும் பகலும் அணையாமல் எரிகிற விளக்குக்கு 'நந்தா விளக்கு' என்று பெயர். ஒரு நந்தா விளக்குக்கு நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். உழக்கு என்றதும் முழிக்காதீர்கள்! பாட்டி வீட்டு ஆழாக்கு நினைவிருக்கிறதா? இரண்டு ஆழாக்கு சேர்ந்தால் ஓர் உழக்கு. நாலு உழக்கு ஒரு நாழி. இந்த ஓர் உழக்கு நெய் தினமும் தவறாமல் வருவதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடுகள் கொடுத்தார்கள். ஆடு இல்லாவிட்டால் 48 பசுக்கள். அதுவும் இல்லையென்றால் 16 எருமைகள். இரண்டு ஆட்டுக்கு ஒரு பசு, மூன்று பசுவுக்கு ஓர் எருமை என்று எவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு! அதெப்படி ஆடு சாகாமல் இருக்கும்? கிழடானவற்றைக் கழித்துவிட்டு, பிறந்த குட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் மந்தையில் எண்ணிக்கை குறையாது அல்லவா? அதனால் விளக்கும் அணையாது. தமிழ் இலக்கியம் படித்த நாட்களில் கல்வெட்டியலும் ஒரு பாடமாக இருந்தது. மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒரு சொல் மட்டும் இன்றுவரை மனதை விட்டு அகலவில்லை.

ஆடுகளைப் பொறுப்பேற்றுக்கொண்ட இடையரின் பெயரையும் ஊரையும் தஞ்சையில் விடாமல் வெட்டியிருக்கிறார்கள். அவருக்குப் பிணையாக நின்ற உறவினர்களின் பெயர்களும் இருக்கின்றன. ஒரு சாதாரண ஆட்டிடையரின் பெயர் ஆயிரம் வருடங்களாக ராஜராஜனின் கோயிலில் நிலைத்திருக்கிறது!

விளக்கு வைத்ததெல்லாம் வேண்டுதலுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வேட்டைக்குப் போன இடத்தில் அம்பு தவறி, கூட வந்தவர் மேல் பாய்ந்து உயிர் போயிருக்கும். ஊரார் கூடி விசாரிப்பார்கள். வேண்டுமென்று செய்ததல்ல என்று தெரிந்தால், இறந்தவருக்காகக் கோயிலில் விளக்கு எரிக்கச் சொல்லித் தீர்ப்பளிப்பார்கள். இப்படிப்பட்ட கல்வெட்டுகள் தமிழகத்தில் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. இறந்தவரின் மனைவி தினமும் அந்த விளக்கைப் பார்த்திருப்பாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை.

சமையலறைக்கு வருவோம். பெரிய கோயிலில் நைவேத்யத்துக்கு ஒதுக்கிய பொருட்களைப் படித்தால் நம் அடுக்களை அலமாரியைத் திறந்து பார்த்தது போலவே இருக்கும். அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை, உப்பு, வாழையிலை, வெற்றிலை, பாக்கு... சமைக்கிற விறகைக்கூட மறக்கவில்லை! 9-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் வரகுணன் வெட்டுவித்த அம்பாசமுத்திரம் கல்வெட்டில், மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்துமல்லி ஆகியவற்றைச் சேர்த்துக் 'காயம்' என்றே சொல்லியிருக்கிறார்கள். பிரசவித்தவளுக்குக் காயம் கொடுக்கிறோமே, அந்தச் சொல்லின் வயதைப் பார்த்தீர்களா?

இதில் எது இல்லை என்று கவனித்தீர்களா? மிளகாய்! அமெரிக்காவில் விளைந்த மிளகாய், போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் நம் நாட்டுக்கு வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமும் அப்படித்தான். ராஜராஜன் வெறும் மிளகும் புளியும் போட்ட குழம்பைத்தான் சாப்பிட்டிருப்பான். சில பெருமாள் கோயில் மடைப்பள்ளிகளில் இன்றும் மிளகாய் சேர்க்காமல் மிளகு மட்டுமே போடுகிறார்கள். அந்தப் பிரசாதத்தில் இருப்பதுதான் பழைய ருசி.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருமுக்கூடல் என்று ஓர் ஊர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோயிலில் வேதமும் இலக்கணமும் சொல்லித்தரும் பள்ளி இருந்தது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டதோடு விடவில்லை. சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய்க்கும் ஒதுக்கியிருக்கிறார்கள்! அடம்பிடிக்கிற பையனைப் பிடித்து உட்காரவைத்து எண்ணெய் தேய்த்த அம்மாக்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். கூடவே 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையும் இருந்தது. ஆதுலர் என்றால் நோயாளிகள். வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் சம்பளம் எழுதிவைத்திருக்கிறார்கள். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அதில் உள்ள தசமூல ஹரீதகியை ஆயுர்வேத மருந்துக்கடையில் இன்றும் கேட்டு வாங்கலாம்.

உறவுமுறை விஷயத்துக்கு வந்தால் உத்திரமேரூரை விட்டுவிட முடியாது. வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகளைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். பாடப்புத்தகம் விட்டுவிட்ட பகுதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? சித்தி, பெரியம்மாவின் பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், அப்பாவுடன் பிறந்தவர், தன்னுடன் பிறந்தவர், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், அவள் மகன், மகளைக் கட்டிய மாப்பிள்ளை, அப்பா, பிள்ளை... ஒருவர்கூட நிற்க முடியாது! சித்தியையும் பெரியம்மாவையும் அந்தக் கல்வெட்டு 'சிற்றவை, பேரவை' என்று அழகான தமிழில் சொல்கிறது. குடத்தில் போடும் ஓலையில் பெண்ணின் பெயர் இல்லைதான். ஆனால், அந்த உறவுப் பட்டியலில் பெரும்பகுதி அம்மா, மனைவி, சகோதரி, மகள் என்று பெண்கள் வழியாகவே ஓடுவதைக் கவனியுங்கள். ஊர்ப்பணம் எந்த வழியாகக் கைமாறும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்துதான் வைத்திருந்தார்கள்!

சரி, ராஜ குடும்பத்துக்குள் எட்டிப் பார்ப்போமா? பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றைச் சொன்னதும், அடுத்தபடியாகத் தன் அக்கன் கொடுத்தவற்றைச் சொல்கிறான் ராஜராஜன். அவன் மனைவியர் கொடுத்தவை அதற்கும் பிறகுதான். நாத்தனார் உள்ள வீடுகளில் இதைப் படித்துவிட்டு என்ன பேசிக்கொள்வீர்களோ, எனக்குத் தெரியாது!

அந்த அக்கன்தான் குந்தவைப் பிராட்டியார். தன் தந்தை சுந்தர சோழருக்கும் தாய் வானவன் மாதேவிக்கும் பெரிய கோயிலில் திருமேனிகள் எழுந்தருளுவித்தாள். இந்தச் செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கணவன் இறந்ததும் வானவன் மாதேவி பாலுண்ணும் பிள்ளையைப் பிரிந்து தீயில் புகுந்தாள் என்கிறது அது. கல்வெட்டு அதைப் புகழாகச் சொல்கிறது. நமக்கோ மனம் கனக்கிறது. தாயை அப்படி இழந்த மகள், கோயிலில் அவள் உருவத்தை நிறுத்தி அதற்குப் பூஜையும் நைவேத்யமும் நடக்க ஏற்பாடு செய்திருக்கிறாள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பட்டீஸ்வரம் துர்க்கையைத் தரிசிக்கப் போகிறவர்கள், அருகிலேயே இருக்கும் பஞ்சவன் மாதேவீஸ்வரத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ராஜராஜனின் தேவியரில் ஒருத்தி பஞ்சவன் மாதேவி. ராஜேந்திர சோழனைப் பெற்றவள் அல்ல, சிற்றன்னை. அவள் நினைவாக ராஜேந்திரன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் அது. சீரியலில் வரும் சித்திகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன நமக்கு, கங்கை வரை படை அனுப்பிய மகன் சித்திக்காகக் கட்டிய கோயில் கண்ணுக்குக் குளிர்ச்சி.

பெரிய கோயிலில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து வந்து குடியேறிய 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல். 'தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு' என்று வீட்டு விலாசத்தோடு ஒவ்வொருவர் பெயரும் உண்டு. வருடத்துக்கு ஆளுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்துவிட்டால் நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெறலாம், அந்தப் பணிக்குத் தகுதி இருந்தால். ஆடவர் பெயர்களே நிறைந்த வரலாற்றில், 400 பெண்களைப் பெயர் சொல்லி, கதவிலக்கம் சொல்லி அழைக்கிற சுவர் வேறெங்காவது இருக்கிறதா, சொல்லுங்கள்!

உங்கள் ஊர்க் கோயிலிலும் இப்படி எத்தனையோ இருக்கலாம். கருவறையின் அடித்தளத்தில் பட்டை தீட்டியது போல இருக்கும் குமுதம், அதற்கு மேலுள்ள சுவர், நிலைக்கால் ஆகிய இடங்களில் தேடுங்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்று போலவே தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பத்து நாள் பழக வேண்டும், அவ்வளவுதான்.

திருப்பணி என்ற பெயரில் சுவர்மேல் மணலைப் பீய்ச்சி அடித்துப் பளபளப்பாக்குவதும், டைல்ஸ் பதிப்பதும், கனமாகப் பெயின்ட் பூசுவதும் பல ஊர்களில் நடந்திருக்கிறது. மழுங்கிய எழுத்து மழுங்கியதுதான், திரும்ப வராது. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டு வீட்டுக்கு வருவார்களே, அவர்களிடம் கல்வெட்டுகளைப் படம் எடுத்தாயிற்றா, பிரிக்கிற கற்களுக்கு எண் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கொடுக்கிறவர் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

நாமும் நெற்றிக்கு இட்டது போக மீந்த குங்குமத்தையும் விபூதியையும் எழுத்துகளின் மேல் தடவ வேண்டாம், சுவரில் கற்பூரமும் ஏற்ற வேண்டாம். சாயங்காலம் வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது போய்ப் பாருங்கள். உச்சி வேளையில் கண்ணுக்கே தெரியாத எழுத்துகூட அப்போது நிழல் கட்டிப் பளிச்சென்று எழுந்து நிற்கும்.