பேங்க் சைட் ஒரிஜினலா, போலியா? முகவரியோட கடைசியைப் பாருங்க!

"உங்க கேஒய்சி காலாவதி ஆயிடுச்சு, இன்னைக்கே அப்டேட் பண்ணலைன்னா அக்கவுண்ட் பிளாக் ஆகும்"னு ஒரு மெசேஜ், கூடவே ஒரு லிங்க். சம்பளம் வந்த நாள்ல இது வந்தா யாருக்கும் பதட்டம் வரும். கிளிக் பண்றதுக்கு முன்னாடி அந்த முகவரியைப் படிக்கக் கத்துக்கலாம்.

யாருக்கு எந்த முகவரி கிடைக்கும்?

டாட் காம், டாட் இன் முகவரிகளை யார் வேணும்னாலும் குறைந்த செலவில் வாங்கலாம். "நீங்க பேங்க் நடத்துறீங்களா?"ன்னு யாரும் கேட்க மாட்டாங்க. போலி சைட்டுகள் முளைப்பது இதனாலதான்.

இதுக்காக ஆர்பிஐ 2025 பிப்ரவரியில் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரியை அறிவித்தது. இதை வங்கிகள் மட்டும்தான் வாங்க முடியும். பதிவு செய்து தருவதும் ஐடிஆர்பிடி என்ற ஒரே அமைப்புதான். 2025 அக்டோபர் 31-க்குள் மாறும்படி வங்கிகளுக்கு உத்தரவு போனது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு 'டாட் ஃபின் டாட் இன்' என்று தனியாக ஒன்று.

அதேபோல 'டாட் கவ் டாட் இன்' அரசு அமைப்புகளுக்கு மட்டும். வருமான வரி இணையதளம் அதில்தான் முடியும். "ரீஃபண்ட் ரெடி"ன்னு வேற முகவரியில் வந்தா தொடாதீங்க.

எப்படிச் சரிபார்ப்பது?

ஆரம்பத்தில் வரும் ரெட்டை ஸ்லாஷை விடுங்க. அடுத்த ஒற்றை ஸ்லாஷுக்கு முன்னாடி முகவரி எப்படி முடியுதுன்னு பாருங்க.

1. ஏபிசி.பேங்க்.இன்: சரியான வடிவம். 'பேங்க்'குக்கு முன்னாடி புள்ளி இருக்கு.
2. ஏபிசி-பேங்க்.இன்: புள்ளி இல்லை, கோடு. இது சாதாரண டாட் இன், யார் வேணும்னாலும் வாங்கலாம்.
3. ஏபிசி.பேங்க்.இன்.அப்டேட்.காம்: முடிவது டாட் காமில். முன்னாடி இருக்கிறதெல்லாம் வெறும் அலங்காரம்.

பூட்டு அடையாளத்தை நம்பாதீங்க. போலி சைட்டுக்கும் அது சுலபமா கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை

டாட் ஃபின் டாட் இன் இல்லைன்னா அந்த லோன் கம்பெனி போலின்னு அர்த்தமில்லை. ஆர்பிஐ இணையதளத்தில் உள்ள என்பிஎஃப்சி பட்டியலில் பெயரைத் தேடுங்க. அதேபோல, முகவரி சரியா இருந்தா அது நிஜ பேங்க் என்பது மட்டும்தான் உறுதி. அவங்க தர்ற லோன் உங்களுக்கு லாபமான்னு நீங்கதான் கணக்குப் போடணும்.

ஏற்கெனவே ஓடிபி கொடுத்துட்டீங்களா?

உடனே பேங்குக்குச் சொல்லுங்க, அப்புறம் 1930-க்கு கூப்பிடுங்க. வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும் வரை ஆகும் நஷ்டம் அவருடையது என்று ஆர்பிஐயின் 2017 சுற்றறிக்கை சொன்னது. தெரிவித்த பிறகு ஆகும் நஷ்டம் பேங்குடையது என்றும் அது சொன்னது. அதனால ஒவ்வொரு நிமிஷமும் உங்க பணம்தான்.

இன்னைக்கே உங்க பேங்கோட புது முகவரியை நீங்களே டைப் பண்ணி, புக்மார்க் பண்ணிக்கோங்க. வீட்டில் அப்பா, அம்மா போன்லயும் அதைச் சேமிச்சுக் கொடுங்க.