இங்கே பிறந்த என் மகள் கலெக்டர் ஆகலாமா?

கேள்வி: நான் 1986-ல் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். என் கணவர் 1990-ல், சின்னப் பையனாக, மன்னாரிலிருந்து படகில் வந்தவர். போலீஸ் பதிவோடு, முகாமுக்கு வெளியே மாமல்லபுரத்தில் குடியிருக்கிறோம். அவருக்குச் சிற்பக்கூடத்தில் வேலை. மகள் 2009 டிசம்பரில் செங்கல்பட்டு ஜி.எச்.சில் பிறந்தாள். நன்றாகப் படிக்கிறாள், கலெக்டர் ஆக வேண்டும் என்கிறாள். அகதியாகப் போன நம் பெண் ஒருவர் நார்வேயில் பெரிய பதவிக்கு வந்தாராமே! இங்கேயே பிறந்த என் மகளுக்கு அது நடக்குமா?
– ஒரு வாசகி, மாமல்லபுரம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், அம்மா. அவர் கம்சாயினி குணரத்தினம். யாழ்ப்பாணத்தில் 1988-ல் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் நார்வே போனவர். 19 வயதில் ஓஸ்லோ மாநகர சபை உறுப்பினர். 2011-ல் உத்தோயா தீவில் இளைஞர் முகாம் மீது துப்பாக்கிச்சூடு நடந்தபோது நீந்தி உயிர் தப்பினார். 2015-ல் ஓஸ்லோவின் துணை மேயர். 2021-ல் நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய திறமையும் துணிச்சலும் பெரியவை. ஆனால், போன நாடு அவரைத் தன் குடிமகளாக ஏற்றுக்கொண்டதால்தான் அவற்றுக்குப் பலன் கிடைத்தது.

உங்கள் மகளுக்கும் அதுதான் முதல் படி. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளுக்கு இந்தியக் குடியுரிமை கட்டாயம்.

முதலில் உங்கள் நிலை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் அகதிகளாக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். உங்களைப் போலவே 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். எனவே உங்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

மகளின் நிலை சிக்கலானது. 2004 டிசம்பர் 3-லிருந்து இங்கே பிறந்தவர் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்த உங்கள் கணவரைச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் 2019-ம் ஆண்டுத் திருத்தத்திலும் இலங்கைக்கு இடம் தரப்படவில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்தது. அது குடியுரிமை ஆகாது.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவின்படி, சிறப்புக் காரணம் இருந்தால் 18 வயது நிரம்பாத எவரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம். தாய் இந்தியர், மகள் பிறந்ததும் படித்ததும் இங்கே, எல்லை தாண்டி வந்தவள் அல்ல: இவற்றை விளக்கி, சான்றுகளோடு கலெக்டர் அலுவலகம் வழியாக விண்ணப்பியுங்கள். இது அரசின் விருப்புரிமை. கிடைத்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 18 முடிந்துவிட்டால் இந்த வழியும் அடைபட்டுவிடும். செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை இந்த வாரமே பாருங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள்.

பதிவின் மூலம் வரும் குடியுரிமை பெரிய பதவிகளுக்குத் தடை அல்ல. இத்தாலியில் பிறந்து, 1983-ல் அப்படிக் குடியுரிமை பெற்ற சோனியா காந்தி, 1999-ல் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

செங்கல்பட்டில் பிறந்த பிள்ளையைச் சட்டம் அந்நியராக எண்ணுவது அநியாயம். அதை மாற்றச் சொல்லி நாம் தொடர்ந்து கேட்க வேண்டும். மகளைப் படிப்பை விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிவில் சர்வீஸ் தேர்வு எழுத அவளுக்கு 21 வயது ஆக வேண்டும். ஆனால் 18 நிரம்பும் முன்பே காகிதங்களைச் சரிசெய்வது பெரியவர்களான நம் வேலை.